பெரியப்பாவின் நம்பருக்கு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டார்கள், கணக்கில் பணம் இல்லை. இனி என்ன செய்வது?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக உதவி தேவை.

திருமங்கலத்தில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் போனில் சிக்னல் போய்விட்டது. டவர் பிரச்சினையாக இருக்கும் என்று விட்டுவிட்டார். சனி, ஞாயிறும் வரவில்லை. நேற்று, திங்கட்கிழமை, நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போய்க் கேட்டால், "வெள்ளிக்கிழமையே இந்த நம்பருக்கு வேறு சிம் கொடுத்தாயிற்றே" என்கிறார்கள். வேறு மாவட்டத்தில் ஏதோ ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். பயந்துபோய் வங்கிக்கு ஓடி பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தோம். சனிக்கிழமை இரவிலிருந்து ஞாயிறு மதியம் வரை பல தவணையாகப் பணம் போயிருக்கிறது. ஃபிக்சட் டெபாசிட் ஒன்றையும் ஆன்லைனிலேயே உடைத்து எடுத்துவிட்டார்கள்.

மேலாளர், "ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது, எங்கள் பக்கம் தவறில்லை" என்று முடித்துவிட்டார். பெரியப்பா யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. எந்த லிங்க்கையும் தொடவில்லை. சில வாரங்களுக்கு முன்னால் கேஒய்சி புதுப்பிக்க வேண்டும் என்று ஒருவன் அழைத்தபோது பிறந்த தேதியும் கணக்கு எண்ணும் மட்டும் சொன்னாராம். இந்தப் பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டா?

கவுண்டர் நான்கு

தம்பி, விளக்கமெல்லாம் அப்புறம். இதைப் படித்ததும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்தின் தேதி, நேரம், தொகை, யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்) எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்கு உடனே தகவல் போய், அங்கே மிச்சம் இருக்கும் தொகையை நிறுத்திவைப்பார்கள். திருடன் ஒரே கணக்கில் பணத்தை வைத்திருக்க மாட்டான். மூன்று நான்கு கணக்குகள் மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். ஆனாலும் கடைசிக் கணக்கில் கொஞ்சமாவது மாட்டியிருக்கலாம், அதற்காகவே நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அழைத்து முடித்ததும் மத்திய அரசின் சைபர்கிரைம் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்து, ரசீதை அச்செடுத்து, மதுரை மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

அடுத்தது வங்கி. முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாயால் சொன்ன புகார் புகாரே அல்ல. கடிதம் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.

"ஓடிபி சரியாக இருந்தது, ஆகவே உங்கள் பொறுப்பு" என்று மேலாளர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ நடந்திருக்கிறது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பு கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆகிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் வேலை என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. இந்த வரியைக் கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

வேறு ஊர்க் கடையில் யாரோ ஒருவனுக்கு சிம்மைத் தூக்கிக் கொடுத்தது உங்கள் பெரியப்பாவின் தவறா? வங்கியின் தவறா? இரண்டும் இல்லை. "வேறெங்கோ" என்பது இதுதான். நேற்றுத்தான் உங்களுக்கே தெரிந்திருக்கிறது, நாள் கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இன்றே கடிதம் கொடுங்கள்.

வைகைக்கரை

ஐயா, மிக்க நன்றி. 1930-ல் பதிந்தாயிற்று. கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு பயம். பணம் எடுத்த எஸ்எம்எஸ் சனிக்கிழமையே போய்விட்டது, அன்றிலிருந்துதான் நாள் எண்ணுவோம் என்று வங்கி சொன்னால்?

கவுண்டர் நான்கு

அந்த எஸ்எம்எஸ் யாருக்குப் போனது? திருடன் கையில் இருந்த சிம்முக்கு. சுற்றறிக்கை நாளை எண்ணச் சொல்வது வாடிக்கையாளருக்குத் தகவல் கிடைத்ததிலிருந்து, அதுவும் தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு. சிம் மாற்றப்பட்ட தேதியையும் நேரத்தையும் தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். ஷோரூமில் தர மறுத்தால் புகார் எண் பதிந்து, அந்த நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து இந்த எண் என் வசம் இல்லை" என்பதற்கு அதுதான் சாட்சி. உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு தாளின் மேல்தான் நிற்கப்போகிறது. சனிக்கிழமையிலிருந்து எண்ணினாலும் இன்னும் நீங்கள் கெடுவுக்குள் இருக்கிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

பிறந்த தேதி சொன்னது பற்றியும் ஒரு வார்த்தை. கடவுச்சொல், பின், ஓடிபி மாதிரியானவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால்தான் அலட்சியம் என்று சுற்றறிக்கை பேசுகிறது. பிறந்த தேதி நம் ஊரில் ரேஷன் கார்டிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை எல்லா இடத்திலும் கிடக்கிறது. நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்துப் பின்னால் தெரியவந்தால் அதுதான் கெடுதல்.

அலைவரிசை

நான் சென்னையில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் இருந்தவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிக்னல் போய், சனிக்கிழமை இரவுதான் பணம் எடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரவும் போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு இருக்கிறது. 2016-லேயே வந்தது, 2022 இறுதியில் மறுபடியும் கண்டிப்பாகச் சொன்னார்கள். ஆகவே திருடன் ஒரு நாள் காத்திருக்கிறான். வெள்ளி மாலையைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு நாளும் வார விடுமுறையோடு கரைந்துவிடுகிறது. வங்கி மூடியிருக்கும், பெரியவர் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பார்.

அந்த 24 மணி நேரம் நமக்காக வைக்கப்பட்டது. சிக்னல் போனதும் நாம் அசைந்தால்தான் அதற்குப் பயன்.

பலருக்குப் புரியாத ஒன்று: நம்பர் சிம் அட்டைக்குள் இல்லை. அட்டைக்குள் இருப்பது ஐஎம்எஸ்ஐ என்ற ஒரு எண்ணும் ஒரு ரகசியச் சாவியும். இந்த மொபைல் நம்பர் இந்த ஐஎம்எஸ்ஐக்கு உரியது என்ற ஒரு வரி நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றினால் போதும், அழைப்பும் செய்தியும் வேறு அட்டைக்குப் போகும். உங்கள் போனுக்குள் எவனும் நுழையவில்லை, வைரஸ் ஏதும் இல்லை. அதனால் போனில் எந்தப் பாதுகாப்புச் செயலி போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. வீட்டுச் சாவி நம் இடுப்பில்தான் இருக்கிறது, ஆனால் பூட்டையே மாற்றித் தரும் அதிகாரம் தெருவில் உள்ள நூறு கடைகளுக்கு இருக்கிறது.

மின்மினி

சிம் பின், அதாவது சிம்மைப் பூட்டும் எண், போட்டு வைத்தால் தடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே சார்?

அலைவரிசை

சிம் பின் இந்த மோசடியைத் தடுக்காது. அந்தப் பின் பழைய அட்டைக்குள் இருக்கிறது, திருடன் வாங்குவது புது அட்டை. ஆனால் போன் திருடு போனால் சிம் பின் பெரிய காவல். அது இல்லாவிட்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்ட அடுத்த நிமிடம் எல்லா ஓடிபியும் அவனுக்கு. ஆகவே போடுங்கள். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் 8 இலக்க பியுகே எண்ணைக் கேட்கும். பத்து முறை பியுகேயும் தவறினால் அந்த அட்டை அவ்வளவுதான், புதிது வாங்க வேண்டும். பின் எண்ணை யூகித்துப் போடாமல், சிம்மோடு வந்த ஆரம்பப் பின் எதுவென்று நிறுவனத்திடம் கேட்டு மாற்றுங்கள்.

ஈரோடு ரீசார்ஜ்

ஈரோட்டில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன், டூப்ளிகேட் சிம்மும் போட்டுத் தருகிறேன். கடைக்காரர்கள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முறைப்படி என்றால் நம்பரின் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும், ஆதாரில் விரல் ரேகை வைக்க வேண்டும் அல்லது அசல் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், அங்கேயே போட்டோ எடுப்போம். பழைய சிம் வேலை செய்தால் அதற்கு ஒரு தகவல் போகும். ஓட்டை எங்கே என்றால், "சிம் தொலைந்துவிட்டது" என்று வருபவரிடம். பழைய சிம் இல்லை, ஆகவே அதில் வரும் தகவலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். கையில் இருப்பது போட்டோ மாற்றி ஒட்டிய ஆதார் என்றால், விரல் ரேகை வைக்காமல் தாளை மட்டும் பார்த்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். கடையில் வேலை செய்யும் ஆளே உடந்தையாக இருந்து மாட்டிய வழக்குகளும் உண்டு, மறுக்கவில்லை.

மக்கள் செய்ய வேண்டியது: "உங்கள் எண்ணுக்கு சிம் மாற்றக் கோரிக்கை வந்துள்ளது" என்று ஒரு செய்தி வந்தால் அதை விளம்பரம் என்று ஒதுக்காதீர்கள். அடுத்த நிமிடமே நிறுவனத்துக்கு அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் வயசானவர்கள் போனில் படிக்காத செய்தி ஆயிரம் கிடக்கும், அதில் இதுவும் ஒன்றாகக் கிடக்கும்.

இன்னொரு ஏமாற்று: சிம் அட்டையின் பின்னால் 89 என்று ஆரம்பிக்கும் நீளமான எண் இருக்கும். "5ஜிக்கு மாற்றுகிறோம்" என்று அழைத்து, ஒரு 20 இலக்க எண்ணைக் கொடுத்து அதை எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்வார்கள். அது அவன் கையில் இருக்கும் வெற்று சிம்மின் எண். அதை உங்கள் போனிலிருந்து அனுப்பினால் நீங்களே அவனுக்கு நம்பரை மாற்றிக் கொடுத்த மாதிரி. இப்போது அட்டையே இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம் வந்த பிறகு அதுவும் வேண்டாம். "இ-சிம் கோரிக்கையை உறுதி செய்யவும்" என்று வரும் செய்திக்குச் சம்மதம் கொடுத்தால் போதும், கடைக்கே போகாமல் காரியம் முடிந்துவிடும்.

அலைவரிசை

ஈரோடு அண்ணன் சொல்வது சரி. இது நம் ஊர்க் கடைகளின் நோய் மட்டும் அல்ல. 2024 ஜனவரி 9-ல் அமெரிக்கப் பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் எஸ்இசி ஆணையத்தின் எக்ஸ் கணக்கையே இப்படித்தான் பிடித்தார்கள். ஒருவன் போலி அடையாள அட்டை அச்சிட்டு, அலபாமாவில் ஒரு தொலைபேசிக் கடைக்கு நேரில் போய், ஆணையத்தின் கணக்கோடு இணைந்திருந்த எண்ணுக்கு சிம் வாங்கினான். வேறொரு கடையில் புது ஐபோன் வாங்கி, வந்த குறியீட்டைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்தான். அவர்கள் ஒரு பொய்ச் செய்தியைப் போட, பிட்காயின் விலை சில நிமிடங்களில் 1,000 டாலருக்கு மேல் எகிறியது. கடைக்குப் போய் சிம் வாங்கியவனுக்கு 2025 மே மாதம் 14 மாதச் சிறை. அந்தக் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பைச் சில மாதங்களுக்கு முன்பே அணைத்து வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது.

எத்தனை விதி போட்டாலும் கடைசியில் ஒரு கவுண்டரில் ஒரு மனிதர் ஒரு அட்டையைப் பார்த்து முடிவு செய்கிறார். அந்தக் கவுண்டரை நம்மால் காக்க முடியாது. நம்பரை நம்பி நாம் எதையெல்லாம் வைத்திருக்கிறோம் என்பதைக் குறைக்க முடியும்.

பனங்காடு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 24 மணி நேர எஸ்எம்எஸ் தடை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இன்னொரு விதியும் கொண்டுவந்தது: சிம் மாற்றி ஏழு நாள் ஆகாமல் வேறு நிறுவனத்துக்கு நம்பரை போர்ட் செய்ய குறியீடே தர மாட்டார்கள். யுபிஐ செயலியை வேறு போனில் போட்டால் அந்த சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும், அதையும் தடை நிறுத்திவிடுகிறது. அரசு இவ்வளவு செய்திருக்கும்போது மக்களை இப்படிப் பயமுறுத்த வேண்டுமா?

அலைவரிசை

விதிகள் நல்லவை, அவற்றால் பல திருட்டுகள் நின்றும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் எதைத் தடுக்கிறது என்று பாருங்கள்.

24 மணி நேரத் தடை எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும்தான். குரல் அழைப்புக்கு இல்லை. வாட்ஸப்பில் எண்ணை உறுதிசெய்ய "எனக்கு அழைத்துச் சொல்" என்ற வழி இருக்கிறது. அழைப்பில் ஓடிபி சொல்லும் சேவைகள் இன்னும் பல. ஆகவே முதல் மணி நேரத்திலேயே உங்கள் வாட்ஸப் போய்விடலாம், உங்கள் பெயரில் சொந்தக்காரர்களிடம் பணம் கேட்கலாம். ஏழு நாள் விதி நல்லது, ஆனால் அது போர்ட் செய்வதைத்தான் தடுக்கிறது. அதே நிறுவனத்துக்குள் சிம் மாறினால் திருடனுக்குப் போர்ட் எதற்கு? ஒரு நாள் முடிந்ததும் எஸ்எம்எஸ்ஸும் திறந்துவிடுகிறது, யுபிஐயை அவன் போனில் பதியவும் முடிகிறது. யுபிஐ பின் புதிதாக வைக்க டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாதமும் வேண்டும், இல்லையென்றால் ஆதார் எண்ணும் ஆதாரின் ஓடிபியும். ஆதார் ஓடிபி எந்த நம்பருக்கு வரும்? அதே நம்பருக்குத்தான்.

பயமுறுத்த எழுதவில்லை. வெள்ளி மாலை நடந்தது திங்கட்கிழமைதான் தெரிந்தது என்றால், அந்த இடைவெளியை எந்த விதியாலும் அடைக்க முடியாது.

பனங்காடு

குரல் அழைப்பு விஷயம் யோசிக்கவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நம்பரைச் சாராமல் எப்படி இருப்பது? எல்லாவற்றுக்கும் அதைத்தானே கேட்கிறார்கள்.

மின்மினி

நான் செய்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். முதலில் மின்னஞ்சல். அது போனால் மற்ற எல்லாக் கடவுச்சொல்லையும் அதன் வழியாக மாற்றிவிடலாம் என்பதால் அதிக நேரத்தை அதற்கே செலவிட்டேன். கூகுள் கணக்கில் பாஸ்கீ வைத்தேன், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் போனின் விரல் ரேகையோ பூட்டோ கொண்டு நுழையும் முறை. எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே குறியீடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி போட்டேன். இரண்டாம் அடுக்கில் எஸ்எம்எஸ் என்று இருந்ததை நீக்கினேன். கணக்கை மீட்பதற்கான வழிகளில் இருந்த போன் நம்பரையும் எடுத்துவிட்டு, வேறொரு மின்னஞ்சல் கொடுத்தேன். அங்கேயே பத்துக் குறியீடுகள் தருவார்கள், போன் தொலைந்தால் ஒவ்வொன்றையும் ஒரு முறை பயன்படுத்தலாம். அதை அச்செடுத்து பீரோவில் பத்திரத்தோடு வைத்துவிட்டேன். இதைச் செய்யாமல் நம்பரை நீக்கினால், போன் உடைந்த அன்று நாமே வெளியே நிற்போம்.

வாட்ஸப்பில் இரண்டடுக்கு உறுதிப்பாடு என்று 6 இலக்கப் பின் போடலாம். யாராவது நம் நம்பரை வேறு போனில் பதிந்தாலும் பின் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அம்மா, அத்தை, சித்தி எல்லோர் போனிலும் நானே உட்கார்ந்து போட்டுக்கொடுத்தேன். பின்னை மறந்தால் மீட்க மின்னஞ்சலும் கொடுத்தேன்.

அலைவரிசை

நல்ல வேலை செய்தீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கூகுளின் ஆத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரலிலிருந்து குறியீடுகளைக் கூகுள் கணக்கிலேயே சேமிக்கிறது. வசதிதான், ஆனால் அந்தக் கணக்கு போனால் குறியீடுகளும் கூடவே போகும். கூகுள் கணக்கைப் பாஸ்கீயால் கட்டிவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை. இல்லாவிட்டால் சேமிப்பை அணைத்து, பழைய போன் ஒன்றில் இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி உப்பு

நான் வங்கிக்கு மட்டும் தனி நம்பர் வைத்திருக்கிறேன். யாருக்கும் சொன்னதில்லை, எந்தக் கடையிலும் கொடுத்ததில்லை. ஒரு பட்டன் போனில் போட்டு வீட்டில் வைத்துவிட்டேன். நம்பரே தெரியாதவன் அதை எப்படி மாற்றுவான்? எல்லோரும் இதைச் செய்தால் போதும் என்பது என் எண்ணம்.

கவுண்டர் நான்கு

உப்பு, யோசனை நல்லதுதான், ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். என் கிளையில் இப்படித் தனி நம்பர் வைத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அலமாரியில் கிடக்கும் போனில் சிக்னல் போனால் ஒரு வாரம் ஆனாலும் தெரியாது. ரீசார்ஜ் மறந்து, 90 நாள் பயன்பாடே இல்லாமல் இருந்தால் நிறுவனம் எண்ணைத் துண்டித்துவிடலாம். துண்டித்த எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எந்த மோசடியும் இல்லாமலே உங்கள் வங்கி ஓடிபி இன்னொரு வீட்டுக்குப் போகும். அதோடு யுபிஐக்கு அந்த சிம் உங்கள் கைபேசியில்தான் இருக்க வேண்டும்.

தனி நம்பர் வைத்தால் அதை இரண்டு சிம் போடும் கைபேசியில் இரண்டாவதாகவே போடுங்கள். தினமும் கண்ணில் படும்.

தூத்துக்குடி உப்பு

யுபிஐக்கு வேறு ஒரு சின்னக் கணக்கு, அதற்கு என் சாதாரண நம்பர். தனி நம்பர் பெரிய கணக்குக்கு மட்டும். ஆனால் சிக்னல் போனால் தெரியாது என்பது உண்மைதான். இன்றைக்கே அந்த சிம்மை என் போனின் இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றுகிறேன்.

ஷார்ஜா தமிழன்

வெளிநாட்டில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். ஊர் சிம்மை ரோமிங்கில் வைத்திருக்கிறோம். அதில் அழைப்பு வராது, சிக்னல் வரும் போகும், யாரும் பார்ப்பதில்லை. ஊரில் யாராவது டூப்ளிகேட் வாங்கினால் அடுத்த முறை வங்கிச் செயலியைத் திறக்கும்வரை தெரியாது. என்ஆர்ஐ கணக்கில் இருக்கும் தொகையும் பெரிது.

நான் வங்கியில் கேட்டு எல்லா அறிவிப்பும் மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்துவிட்டேன். அந்த மின்னஞ்சலில் இந்திய நம்பர் எங்கேயும் இல்லை. இங்கே அமீரகத்தில் வங்கிகள் எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுவிட்டுச் செயலியிலேயே ஒப்புதல் கேட்கும் முறைக்கு 2025 ஜூலையிலிருந்து மாறத் தொடங்கின. சிங்கப்பூர் வங்கிகளும் அதற்கு முந்தைய ஆண்டே அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. நம் ஊரில் எப்போது வரும்?

கவுண்டர் நான்கு

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட உத்தரவு எஸ்எம்எஸ் ஓடிபியைத் தாண்டிய முறைகளுக்கு வழி திறந்திருக்கிறது, நடைமுறை 2026 ஏப்ரல் 1 முதல். ஆனால் எஸ்எம்எஸ் ஓடிபியை ஒழிக்கச் சொல்லவில்லை. உங்கள் வங்கிச் செயலியில் வேறு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பொன்வண்டு

ஒரு கேள்வி. என் மைத்துனருக்குப் பணம் போனபோது சிக்னல் போகவே இல்லை. போன் முழுக்க வேலை செய்தது. அதுவும் சிம் மாற்றும் மோசடிதானா?

அலைவரிசை

இல்லை. சிக்னல் இருந்தால் சிம் மாறவில்லை. ஒன்று, வாட்ஸப்பில் வந்த ஏபிகே என்ற செயலிக் கோப்பை நிறுவியிருப்பார். போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, மின் கட்டணம் என்று ஏதாவது ஒரு பெயரில் வரும். அது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிபியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்படியானால் போனை முழுவதுமாக அழித்து மறுபடி அமைக்க வேண்டும்.

அல்லது அழைப்பைத் திருப்பிவிட்டிருப்பார்கள். கூரியர் வந்திருக்கிறது, *401* போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள் என்பார்கள், அழைப்பெல்லாம் அவனுக்குப் போகும். இதற்காகவே 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வழியில் அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. *#21# அழுத்தினால் திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரியும், ##002# எல்லாவற்றையும் நீக்கும்.

மின்மினி

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்க்கலாமே, அதில் இந்தத் திருட்டு தெரியாதா?

அலைவரிசை

தெரியாது. நம்பர் ஒன்றுதான், பெயரும் உங்களுடையதுதான், அட்டை மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் உங்கள் ஆதாரை வைத்து யாராவது வேறு நம்பர் வாங்கியிருந்தால் அங்கே தெரியும். உங்கள் ஆவணம் வெளியே சுற்றுகிறது என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை. ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால் முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள், அதன் மேல் எதற்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதுங்கள். விரல் ரேகையையும் ஆதார் தளத்தில் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

வழக்குமொழி

வைகைக்கரைக்கு ஒரு தகவல், நான் வழக்கறிஞர். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசலும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 46-வது பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் தீர்ப்பளிக்கும் அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவரிடம் கேட்கலாம். தமிழ்நாட்டிலேயே 2010 ஏப்ரலில், தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் மின்னஞ்சல் ஏமாற்றில் இழந்த பணத்துக்காக, வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று இந்த அதிகாரி உத்தரவிட்டார்.

சிம் விஷயத்திலேயே ராஜஸ்தானில் ஒரு வழக்கு இருக்கிறது. 2017-ல் ஒருவரின் நம்பருக்கு வேறு ஒருவனுக்கு டூப்ளிகேட் சிம் கொடுக்கப்பட்டு, 68 லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. 44 லட்சம் திரும்பக் கிடைத்தது. மீதி வராததால் 2021-ல் வோடஃபோன் ஐடியா நிறுவனம் 27 லட்சம் ரூபாய்க்கு மேல் தர வேண்டும் என்று அங்கே உத்தரவானது, சரியாகச் சோதிக்காமல் சிம் கொடுத்ததற்காக. ஆகவே வங்கியை மட்டும் எதிர்த்து நிற்காதீர்கள். தொலைபேசி நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். எந்தக் கடை, யார் கையெழுத்து, எந்த ஆவணம், எடுத்த போட்டோ எது என்பதையெல்லாம் பாதுகாத்து வைக்கும்படி இப்போதே எழுதிக் கேளுங்கள். பிற்பாடு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன். 1930 மூலமாக ஒரு கணக்கில் கொஞ்சம் தொகையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். வங்கியில் இந்த முறை சுற்றறிக்கையின் நகலோடு போனோம். கடிதத்தில் சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். தொலைபேசி நிறுவனத்திடமிருந்து சிம் மாற்றிய நேரம் எழுத்தில் வந்திருக்கிறது: வெள்ளி மாலை 5.50. நம்பரும் பெரியப்பா கைக்கே வந்துவிட்டது.

இப்போது ஒரு புதுக் கவலை. பெரியம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கணக்கு, கூட்டுறவு வங்கி நகைக்கடன், தம்பியின் டிமேட் எல்லாவற்றுக்கும் பெரியப்பாவின் இதே நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மீதி இருக்கும் டெபாசிட்டையும் என்ன செய்வது?

கவுண்டர் நான்கு

தம்பி, 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. சீல் வைத்த தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

நம்பர் விஷயத்தில் நம் வீடுகளில் எல்லாம் இதே கதைதான், வீட்டில் ஒருவருக்குப் போன் தெரியும் என்று எல்லாக் கணக்கும் அவர் நம்பரில். நாளைக் காலை பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். மொபைல் எண் மாற்றும் படிவத்தில் அவரே கையெழுத்திட வேண்டும், பாஸ்புக்கும் ஆதார் அசலும் எடுத்துப் போங்கள். அவர் பெயரில் வாங்கிய, அவர் கையில் இருக்கும் போனின் நம்பரைக் கொடுங்கள். தம்பி தன் டிமேட்டுக்குத் தன் நம்பரைக் கொடுக்கட்டும்.

டெபாசிட்டுக்கு ஒரு கடிதம்: "முதிர்வுக்கு முன் முடிப்பதும், அதன் மேல் கடன் தருவதும் நான் கிளைக்கு நேரில் வந்தால் மட்டுமே" என்று எழுதி ஏற்கச் சொல்லுங்கள். சில வங்கிகளில் செயலியிலேயே ஆன்லைனில் உடைப்பதை அணைக்கும் வசதி உண்டு, அதையும் கேளுங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கில் நெட்பேங்கிங் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். கார்டில் இணையப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். அன்றாடச் செலவுக்கு உப்பு சொன்ன மாதிரி சின்னக் கணக்கு ஒன்று திறந்து, யுபிஐயை அதில் மட்டும் வைக்கட்டும்.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: அடுத்த முறை சிக்னல் போனால், பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி முதலில் தன் நம்பருக்கே அழைத்துப் பார்க்க வேண்டும். மணி அடித்தால் நம்பர் வேறு எங்கோ உயிரோடு இருக்கிறது. அடிக்காவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, அதே போனிலிருந்து தொலைபேசி நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அழைக்க வேண்டும். அந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதி, அவர் சட்டைப் பையில் வைக்கும் டைரியில் ஒட்டிக்கொடுங்கள்.